கோப்பு கொடுத்தாச்சு, வரைபடம் எதற்கு?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: மடித்து வைக்கக்கூடிய ஒரு புத்தகத் தாங்கியைத் தானே வடிவமைத்து, முப்பரிமாண அச்சில் எடுத்துப் பார்த்தாராம். நன்றாக மடிந்ததாம், "கொஞ்சம் உப்புத்தாள் போட்டேன், அவ்வளவுதான்." உற்பத்திக்கு எடுத்துத் தருகிறேன் என்று வந்த ஒருவர், கணினிக் கோப்பு போதும், அளவு குறித்துத் தாளில் போடும் வரைபடமெல்லாம் பழைய காலம் என்று சொல்லி மோல்டு, அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை ஊற்றி வார்க்கும் எஃகு வார்ப்பு, போட வைத்திருக்கிறார். இப்போது வந்த முதல் துண்டுகளில் ஒரு தட்டின் ஆணி மற்றத் தட்டின் துளைக்குள் போகவில்லை. கேட்டால் "கோப்பில் உள்ளபடிதான் செய்திருக்கிறோம்" என்கிறாராம். தவறு யார் மேல், மோல்டு வீணா, இனிமேல் உட்கார்ந்து வரைபடம் கற்றுக்கொள்ள வேண்டுமா என்பது இவருடைய கேள்வி.

அந்த உப்புத்தாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோப்பில் துளையும் 8 மி.மீ, ஆணியும் 8 மி.மீ என்று வைத்திருக்கிறீர்கள். வீட்டில் அச்சடிக்கும் இயந்திரத்தில் துளை பெரும்பாலும் சற்றுச் சிறிதாகத்தான் வரும், அதனால் ஆணி இறுகியிருக்கும், நீங்கள் தேய்த்து நுழைத்தீர்கள். அந்த நிமிடத்தில் உங்கள் கை ஒரு வடிவமைப்பு முடிவை எடுத்துவிட்டது: இந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும் என்று. அது கைக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. ஆகவே அவர் சொல்வது ஒரு வகையில் உண்மை, கோப்பில் உள்ளபடிதான் செய்திருக்கிறார். 8-க்குள் 8 போகாது என்பதை மோல்டு வெட்டுவதற்கு முன்பே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியவரும் அவர்தான், அதற்குத்தானே நடுவில் நிற்கிறார். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாதபோது யார் தவறு என்று பேசி என்ன ஆகப்போகிறது.

தேவை, பென்சில் கிறுக்கல், மாதிரி, சோதனை, வரைபடம், மோல்டு, முதல் துண்டு ஒப்புதல், அப்புறம் உற்பத்தி. ஒரு பொருள் போகும் வழி ஏறக்குறைய இதுதான், நடுவில் இரண்டு தடவை திரும்பி வருவதும் சகஜம். உங்களிடம் காணாமல் போனது சோதனைக்கும் மோல்டுக்கும் இடையில் உள்ள அந்த ஒரு தாள். முப்பரிமாணக் கோப்பு உருவத்தைச் சொல்லும். எந்த அளவு எவ்வளவு பிசகலாம் என்று, நீங்கள் அனுப்பிய கோப்பு சொல்லாது. உலகத்தில் எந்த இயந்திரமும் சரியாக 8 வெட்டாது, 8.03 வெட்டும், 7.96 வெட்டும். துளை 8.2 முதல் 8.4 வரை, ஆணி 7.8 முதல் 8.0 வரை என்று தாளில் இருந்தால் மிக இறுக்கமான ஜோடியிலும் 0.2 இடைவெளி கிடைக்கும், மிகத் தளர்ந்த ஜோடியில் 0.6. அந்த 0.6 உங்கள் தாங்கிக்கு ஆட்டம் கொடுக்குமா என்பதை மாதிரியில் பார்த்து முடிவு செய்யுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

சிலர் இதைத் தவிர்க்க வரைபடத்தின் மூலையில் "ஐஎஸ்ஓ 2768 எம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். தனியாக எல்லை குறிக்காத அளவுகளுக்கான பொதுத் தரநிலை அது. அதன்படி 6-க்கு மேல் 30 மி.மீ வரையிலான அளவுக்குக் கூட்டல் கழித்தல் 0.2. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆணி 8.2 ஆகவும் துளை 7.8 ஆகவும் வந்தால் இரண்டுமே தேர்வு, இரண்டும் சேராது. போதாததற்கு அது முக்கியமாக உலோகம் வெட்டுவதற்கு எழுதிய தரநிலை, வார்த்தெடுக்கும் பிளாஸ்டிக்குக்கு ஐஎஸ்ஓ 20457 என்று தனியாக இருக்கிறது. எல்லோரும் பின்பற்ற வேண்டிய இந்தத் தரநிலைகளை முழுதாகப் படிக்கக் காசு கட்ட வேண்டும் என்பது ஒரு கூத்து. கல்லூரியில் நான்கு மாதம் கூம்பைக் கனசதுரத்துக்குள் நுழைத்து வரையச் சொல்லுவார்கள், எழுத்தின் சாய்வுக்கு மதிப்பெண் குறைப்பார்கள், வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து "இந்த இரண்டு துண்டும் ஏன் சேரவில்லை, கண்டுபிடி" என்று ஒரு நாளாவது கேட்பார்களா? கேட்க மாட்டார்கள்.

எனவே நீங்கள் கற்க வேண்டியது அந்தப் பாடத்திட்டம் முழுவதும் அல்ல. ஒரு ஏ4 தாள், முன்தோற்றம், மேல்தோற்றம், துளை வழியாக ஒரு வெட்டுத்தோற்றம், அவ்வளவு போதும். மென்பொருளே கோடுகளைப் போட்டுத் தரும். அதில் எல்லா அளவையும் கொட்டாதீர்கள், பொருள் வேலை செய்யத் தேவையான ஆறேழு அளவுகளுக்கு மட்டும் எல்லை கொடுங்கள், மீதிக்குக் கோப்பைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். அலகு மி.மீ என்று எழுத மறக்க வேண்டாம். முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் வெறும் எண்கள்தான் உண்டு, அலகு கிடையாது, திறப்பவர் அங்குலம் என்று நினைத்தால் உங்கள் தாங்கி 25.4 மடங்கு பெரிதாகிவிடும். அப்புறம் முதல் கோணமா மூன்றாம் கோணமா, அதாவது தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வைத்து வரைந்திருக்கிறோம் என்று காட்டும் அந்த வெட்டுக்கூம்புச் சின்னம். அதை அலங்காரம் என்று நினைத்து நான் ஒரு தடவை விட்டுவிட்டேன். 40 பிடிமானங்களும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறி வந்து சேர்ந்தன, இன்னும் ஒரு பெட்டியில் கிடக்கின்றன.

மோல்டிலிருந்து துண்டு கழன்று வரச் சுவர்களுக்கு ஒரு டிகிரி போலச் சாய்வு வேண்டும். அதனால் துளையும் ஒரு முனையில் பெரிதாகவும் மறுமுனையில் சிறிதாகவும்தான் இருக்கும். 8.2 என்பது எந்த முனையில் என்று தாளில் இருக்க வேண்டும்.

வரைபடமே தேவைப்படாத வேலை இல்லையா என்றால், ஒன்று உண்டு, தட்டைத் தகடு. லேசரில் வெட்டுவதற்கு இருபரிமாணக் கோப்பு கொடுத்தால் அதே வடிவம் அப்படியே வரும், தாள் வேண்டாம். ஆனால் தகட்டின் கனமும் உலோகமும் அந்தக் கோப்பில் இருக்காது, அதை எழுதித்தான் கொடுக்க வேண்டும். 4.2 மி.மீ வட்டம் ஒன்று இருந்தால் அது வெறும் துளையா, எம்5, அதாவது 5 மி.மீ திருகுக்கு மரை போட வேண்டிய துளையா என்று கோப்பு சொல்லாது, அதையும் எழுத வேண்டும். ஓரிடத்தில் மடிப்பு வந்துவிட்டால் இன்னொரு தலைவலி: 2 மி.மீ தகட்டை வெளியளவு 50-ம் 30-மாக எல் வடிவில் மடிக்க வெட்ட வேண்டிய நீளம் 80 அல்ல, 76, 77-க்குள் ஏதோ ஒன்று, அதுவும் மடிக்கிறவரின் இயந்திரத்தையும் மடிப்பின் ஆரத்தையும் பொறுத்து மாறும். அதனால் மடித்து முடித்த அளவைக் கொடுத்துவிட்டு விரித்த நீளத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். ஆக தாள் வேண்டாம் என்று தொடங்கி அரைத் தாள் எழுதிவிட்டோம். சரி, உங்களுடையது தகடு அல்ல, விஷயத்துக்கு வருகிறேன்.

நடுவில் நிற்கும் அந்த மனிதர். "கோப்பை மட்டும் அனுப்புங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்கிறவர் எந்தப் பட்டறையில் வேலை நடக்கிறது என்று சொல்லவே மாட்டார். நீங்கள் கேட்பது மோல்டு வெட்டுகிறவர் காதுக்கு இரண்டு வாய் மாறித்தான் போய்ச்சேரும். வரைபடம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நீங்கள் வேறு பட்டறைக்குப் போய்விடலாம், அவர் வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். மோல்டுக்குக் காசு கொடுத்தது நீங்கள். அது உங்கள் சொத்து, கேட்டால் எடுத்துத் தர வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் எழுதி வாங்குங்கள், மோல்டின் மேலேயே உங்கள் பெயரைப் பொறிக்கச் சொல்லிப் படமும் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு தந்திரம், மூலப்பொருளை மாற்றுவது. "அதே மாதிரிதான் சார், விலை குறைவு" என்று ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குக்குப் பதில் பாலிப்ரொப்பிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கை ஊற்றிவிடுவார்கள். ஏபிஎஸ் ஆறும்போது அரை சதவீதம் போலச் சுருங்கும், அதைக் கணக்கில் வைத்துத்தான் மோல்டைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். பாலிப்ரொப்பிலீன் ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்கு மேலும் சுருங்கும். 200 மி.மீ தட்டில் ஒன்று முதல் மூன்று மி.மீ வரை காணாமல் போகும். மூலப்பொருளின் பெயரையும் ரகத்தையும் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இப்போது உங்கள் மோல்டு. வீணாகவில்லை என்றே நினைக்கிறேன். மோல்டில் எஃகைச் சுரண்டி எடுப்பது எளிது, சேர்ப்பது கஷ்டம், வெல்டிங் வைத்து மறுபடி வெட்ட வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் வேண்டுமென்றே தொளதொளவென்று வைத்துவிட்டு, பிறகு சுரண்டிச் சுரண்டி இறுக்குவார்கள். உங்களுக்கு நேர் எதிராக முதலிலேயே இறுகிப் போயிருக்கிறது. ஆணியை மெலிதாக்கச் சொல்லாதீர்கள், துண்டில் ஆணியாக வருவது மோல்டில் குழி, அதைச் சிறிதாக்க எஃகு சேர்க்க வேண்டியிருக்கும். துளையைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். துளையை உண்டாக்கும் உருளை மோல்டில் தனித் துண்டாகச் செருகப்பட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டால் முடிந்தது. அதே எஃகில் குடைந்திருந்தால், தேவை ஐந்நூறு துண்டு போலத்தான் என்றால் ஒவ்வொன்றையும் 8.3 டிரில் போட்டு எடுப்பதே மலிவு, பிசிறைக் கத்தியால் வழிக்க வேண்டியிருக்கும்.

அதற்கு முன் இரண்டு தட்டிலும் ஐந்தைந்து துண்டு எடுத்து, வெர்னியரால் துளையையும் ஆணியையும் அளந்து ஒரு அட்டவணையாக எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு அளவுகூட இல்லை, "போகவில்லை" என்று மட்டும் இருக்கிறது. அந்த அட்டவணையை அனுப்பி, "துளையின் உருளை தனியாகக் கழலுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆனால், மோல்டை வெட்டியவரோடு அவருக்கு நேரடித் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுங்கள்.