பிசுபிசுக்கும் பெர்டிகோன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஃபெர்கஸ் பக்கம் கிராண்ட் ஆற்றில் மூன்று வருசமாக பிரவுன் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறேன். போன மாரியில் சொந்தமாக பெர்டிகோன் ஃப்ளை (தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்கிற போலிப் பூச்சி) கட்டத் தொடங்கினேன். கட்டுவது கைவந்துவிட்டது, மேல்பூச்சுத்தான் சரிவருகுதில்லை. புற ஊதா ஒளி பட்டால் இறுகும் யூவி ரெசினுக்கு ஒரு நிமிசம் அந்த ஒளி ரோர்ச் அடித்தாலும் விரலில் ஒட்டுகிறது. அதற்குமேல் நெயில் பொலிஷ் பூசினால், கோடை வந்ததிலிருந்து, எங்கள் நிலக்கீழ் அறையில் பால் மாதிரி வெளுத்துப் போகிறது. செம்மஞ்சள் நூலில் கட்டினது பூசினவுடன் மண்ணிறமாகிவிடுகிறது. ஆற்றுக் கல்லில் நாலு தரம் பட்டால் முள்ளின் தலையிலுள்ள மணிக்குப் பக்கத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழருகிறது. பேசாமல் இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் எபொக்சிப் பசைக்கு மாறிவிடவா?

ந., மிசிசாகா

அன்புள்ள ந.,

மற்ற வாசகர்களுக்காக முதலில் இரண்டு வரி. பெர்டிகோன், ஸ்பெயினின் போட்டித் தூண்டில்காரர்கள் வழியாக உலகெங்கும் பரவிய ஃப்ளை. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் துப்பாக்கி ரவை என்று பொருள். டங்ஸ்டன் மணி, நூல் சுற்றிய ஒல்லி உடம்பு, வாலுக்கு நாலைந்து இறகிழை, எல்லாவற்றின் மேலும் கண்ணாடிப் பூச்சு. மற்ற நிம்ஃப்களில் (நீருக்குள் வாழும் இளம் பூச்சியைப் போலக் கட்டும் ஃப்ளைகளில்) ரோமமும் இறகும் தண்ணீரில் உரசி, மூழ்கும் வேகத்தைக் குறைக்கும். இதில் உரச எதுவும் இல்லாததால் ரவை போல அடிக்குப் போகிறது. ஆகவே இந்தப் பூச்சை அலங்காரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி உங்கள் பிசுபிசுப்பு. ஊசி முனையால் அழுத்திப் பாருங்கள், உள்ளே ரெசின் கல்லாக இறுகியிருக்கும். ஒட்டுவது மேலே உள்ள மிக மெல்லிய படலம் மட்டும்தான். ரெசினில் கலந்திருக்கும் ஒரு பொருள் புற ஊதா ஒளி பட்டதும் உடைந்து, மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்க ஆரம்பிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தச் சங்கிலியைப் பாதியில் நிறுத்திவிடும். உள்ளே காற்று எட்டாது, அங்கே இறுகிவிடுகிறது. மேற்பரப்பில் ஆக்சிஜன் வந்துகொண்டே இருப்பதால் பலமில்லாத டார்ச்சை ஒரு நிமிடம் அடித்தாலும் ஐந்து நிமிடம் அடித்தாலும் அங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. பலமான ஒளி பத்து விநாடியில் அந்தப் போட்டியில் ஜெயித்துவிடும்.

எனவே ரெசினைக் குறை சொல்வதற்கு முன் டார்ச்சைச் சோதியுங்கள். ஒரு பிளாஸ்டிக் மூடியில் இரண்டு துளி விட்டு, ஒன்றுக்குப் பழைய பேட்டரியிலும் மற்றதற்குப் புது பேட்டரியிலும், 2 சென்டிமீட்டர் தூரத்தில் 10 விநாடி காட்டுங்கள். பாதிப் பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும். ரூபாய் நோட்டு சோதிக்க விற்கும் மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அலைநீளம் பொருந்தினாலும் பலம் போதாது.

நல்ல டார்ச்சிலும் லேசாக ஒட்டினால் இரண்டு வழி உண்டு. முதலில் காற்றில் காட்டி இறுக்கியபின் ஃப்ளையை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் முக்கிப் பிடித்து, வெளியிலிருந்து இன்னும் 20 விநாடி காட்டுங்கள். தண்ணீர் காற்றை மறைப்பதால் அந்தப் படலமும் இறுகும். இரண்டாவது வழி, மருந்துக் கடையில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒரே ஒரு முறை துடைப்பது. ஒட்டுவது போய்விடும், ஆனால் பளபளப்பும் கொஞ்சம் மங்கும். அதன்மேல் தெளிந்த நெயில் பாலிஷ் ஒரு கோட் தேவைப்படும். எனக்குப் பிடித்தது தண்ணீர் வழி.

துளி விடுவதில்தான் கண்ணாடித் தன்மை வருகிறது, இதை நிதானமாகச் செய்யுங்கள். தண்ணீர்ப் பதமான ரெசினை எடுத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் எண் முள்ளுக்கு ஊசி முனையில் கடுகளவு ஒரு துளி போதும். அதை மணியை ஒட்டி வைத்து வால் பக்கமாக இழுங்கள். வால் தொடங்குவதற்கு அரை மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஒரு இழை தொட்டாலும் ரெசின் உறிஞ்சிக்கொண்டு போய் வால் முழுவதையும் ஒரே குச்சியாக்கிவிடும். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு முள்ளைப் பிடித்திருக்கும் வைஸை மட்டும் சுழற்றுங்கள். முதலில் நூல் வரிகள் தெரியும், மெல்ல அவை மறையும், கடைசியில் மேலே எரியும் விளக்கு உடம்பின் மேல் நெளியாத ஒரே வெள்ளைக் கோடாக விழும். அந்தக் கணத்தில், சுழற்றுவதை நிறுத்தாமல், 2 விநாடி டார்ச். அது உருவத்தை அப்படியே உறைய வைக்கும். அதன்பின் ஒவ்வொரு பக்கமும் 15 விநாடி. கோடு நெளிந்தால் ரெசின் இன்னும் சமனாகவில்லை. அவசரப்பட்டால் அந்த நெளிவு அப்படியே நின்றுவிடும். ஒரே தடவையில் தடிமனாக விடாதீர்கள். சூடேறி நுரைக்கலாம், அடர்ந்த நிறத்தின் மேல் அடிப்பகுதிக்கு ஒளியும் போய்ச் சேராது. மெல்லிய இரண்டு கோட் எப்போதும் மேல்.

நெயில் பாலிஷ் வெளுப்பதற்குக் காரணம் உங்கள் நிலக்கீழ் அறையின் ஈரம். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே முத்து முத்தாகப் பூப்பது போல, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டுப் பூசுங்கள். ஏற்கெனவே வெளுத்தவற்றை வீச வேண்டாம். ஈரம் குறைந்த நாளில் நெயில் பாலிஷ் தின்னர் தொட்ட தூரிகையால் ஒரு முறை தடவினால் படலம் இளகி, ஈரம் வெளியேறி, மறுபடி தெளிந்துவிடும். கெட்டியான பாலிஷை இளக்கவும் அதே தின்னரை 2, 3 துளி விடுங்கள். ரிமூவரை ஊற்றாதீர்கள். பலவற்றில் தண்ணீரும் எண்ணெயும் இருக்கும். வெறும் அசிட்டோனோ மிக வேகமாக ஆவியாகி இன்னும் குளிரவைத்து வெளுப்பை அதிகமாக்கும்.

நிறம் மாறுவது, நனைந்த துணி கறுப்பாகத் தெரிவது மாதிரிதான். ரெசின் ஊறியதும் நூல் பாதி ஒளிபுகும்படியாகி, அடியிலுள்ள கறுப்பு முள் மேலே தெரிகிறது. முதலில் வெள்ளை நூலில் ஒரு அடுக்கு சுற்றி, அதன்மேல் நீங்கள் விரும்புவதைவிட ஒரு படி வெளிறிய செம்மஞ்சளைச் சுற்றுங்கள். நூலின் முறுக்கை அவிழ்த்துப் பட்டையாக்கிச் சுற்றினால் வரிகள் குறையும். அப்போது அவற்றை நிரப்ப ரெசினும் அதிகம் தேவைப்படாது.

கழருவதற்குக் காரணம் மணி. ரெசின் நூலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், வழவழப்பான உலோகத்தில் அதற்குப் பிடி கிடையாது. மணிமேல் ஏறிய பூச்சு கல்லில் பட்டதும் முதலில் விளிம்பில் விடும், பிறகு உடம்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும். மணிக்குப் பின்னால் போடும் முடிச்சை மட்டும் மூடி அங்கேயே நிறுத்துங்கள். நூலில் மெழுகு தடவியிருந்தாலும் பிடிப்பு குறையும், பெர்டிகோனுக்கு மெழுகில்லாத நூலே நல்லது. முடிச்சுக்கு சூப்பர் குளூ இட்டால் முழுவதும் காய்ந்தபின் ரெசின் விடுங்கள். அதன் ஆவி பளபளக்கும் இழைகளின் மேல் வெண்புகையாகப் படியும்.

எபாக்சிக்கு மாற வேண்டாம். நியூஜெர்சியின் பாப் போபோவிக்ஸ் தன் சர்ஃப் கேண்டி ஃப்ளைகளை எபாக்சியில் உருவாக்கியபோது ஃப்ளை கட்டுபவர்களின் மேசைக்கு யூவி ரெசின் வந்திருக்கவில்லை. கடல் மீனுக்கான அந்தப் பெரிய உடம்புகளுக்கு எபாக்சி இன்றும் நல்ல பொருள். ஆனால் இரண்டு குழாயிலிருந்தும் சரிசமமாக எடுக்க வேண்டும், குமிழி வராமல் ஒரு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும், இறுகும்வரை சுழல்சக்கரத்தில் வைக்க வேண்டும். அளவு பிசகினால் எத்தனை நாளானாலும் ஒட்டும். கடுகளவு ஃப்ளைக்கு இது வீண் பாடு.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். காயாத ரெசினை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ரெசினிலுள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருளால் வரும் ஒவ்வாமை தொடுகையால் மெல்ல மெல்ல வரும், வந்தால் பெரும்பாலும் போகாது. அப்புறம் பல் மருத்துவர் வைக்கும் ரெசின்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. நைட்ரைல் கையுறை போடுங்கள், சோதிக்க ஊசியைப் பயன்படுத்துங்கள், டார்ச் ஒளியைக் கண்ணால் நேரே பார்க்காதீர்கள். பூசி முடித்ததும் ஒரு இறகுத் தண்டை முள்ளின் காதுக்குள் விட்டு இழுத்துவிடுங்கள், ரெசின் அடைத்திருந்தால் டார்ச் அடிக்கும் முன்பே தெரிந்துவிடும். நெயில் பாலிஷ் பூசியவற்றை ஒரு நாள் வெளியில் குத்தி வைத்தபின் பெட்டியில் அடுக்குங்கள். அரைகுறையாகக் காய்ந்தது பெட்டியின் ஃபோமை இளக்கி அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அன்புடன்.