‘அது வேறு பணம்’ என்று ஸ்கூல் போர்டு சொன்னால்: சிறிய ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட்டில் எதை, யாரிடம், எப்போது கேட்பது?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், சுமார் 1,400 பிள்ளைகள் படிக்கும் சிறிய ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் வசிக்கிறோம். இந்த ஆண்டு தொடக்கப்பள்ளியில் இரண்டு ரீடிங் டீச்சர் பணியிடங்களை எடுத்துவிட்டார்கள். அதே மாதத்தில் விளையாட்டு மைதானத்துக்குச் செயற்கைப் புல் போடும் திட்டம் வந்தது. டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்டின் ஒப்பந்தமும் சம்பள உயர்வோடு நீட்டிக்கப்பட்டது. கூட்டத்தில் கேட்டால் “அது வேறு பணம்” என்று முடித்துவிடுகிறார்கள். நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள். எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: “அது வேறு பணம்” என்பது பாதி உண்மை. அந்தப் பாதியைத் தெரிந்துகொண்டு போனால்தான் மற்றப் பாதியைக் கேட்க முடியும்.

ஆசிரியர் சம்பளம் அன்றாடச் செலவுக்கான ஜெனரல் ஃபண்டிலிருந்து போகிறது. மைதானம், கூரை, கொதிகலன் போன்ற பெரிய வேலைகள் பெரும்பாலும் கேப்பிடல் ஃபண்டில் நடக்கும். அதற்கான பணம் வாக்காளர்கள் ஒப்புதலோடு வாங்கிய கடனாகவோ, முன்பே ஒதுக்கி வைத்த கேப்பிடல் ரிசர்வாகவோ இருக்கும். கட்டுமானத்துக்கு வாங்கிய கடனில் சம்பளம் கொடுக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானச் செலவில் ஒரு பங்கை பில்டிங் எய்டாக மாநிலம் பல ஆண்டுகளில் திருப்பித் தருகிறது. வசதி குறைந்த டிஸ்ட்ரிக்டுக்கு அந்த விகிதம் அதிகம். ஆகவே “புல்லுக்குப் பதில் டீச்சரை வைத்திருக்கலாமே” என்று எழுந்து கேட்டால், பிசினஸ் அலுவலர் ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். உங்கள் நேரமும் முடிந்துவிடும்.

ஆனால் இரண்டு உண்டியல்களுக்கும் இடையே மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. முதலாவது, ஜெனரல் ஃபண்டிலிருந்து கேப்பிடல் ஃபண்டுக்கு நேரடியாகப் பணம் மாற்றுவது. பட்ஜெட்டில் இது ஏ 9950 என்ற செலவு வரியில் (லைனில்) இருக்கும். இங்கே ஒரு தொகை இருந்தால் அது சம்பளமாகவும் ஆகியிருக்கக்கூடிய பணம். இரண்டாவது, வாங்கிய கடனுக்கான அசலும் வட்டியும். இவை 9700 வரிசையில் ஆண்டுதோறும் வரும். மாநில உதவி போக டிஸ்ட்ரிக்டின் சொந்தப் பங்கு எவ்வளவு, அது எந்த ஆண்டு தொடங்குகிறது என்று கேளுங்கள். மூன்றாவது வழியைத்தான் பலர் கவனிப்பதில்லை: கேப்பிடல் ரிசர்வ் எப்படி நிரம்பியது? அநேகமாக, ஜெனரல் ஃபண்டில் ஆண்டுக் கடைசியில் மிஞ்சிய பணத்தால். அப்படியானால் அந்த மிச்சம் ஏன் வந்தது, எந்தச் செலவு வரிகளில் வந்தது என்பதே உண்மையான கேள்வி. இந்த ரிசர்வைத் தொடங்கவும் அதிலிருந்து செலவழிக்கவும் வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்பதால், எந்தத் தேதி வாக்கெடுப்பில் எந்தத் தீர்மானம் நிறைவேறியது என்பதற்குப் பதிவு இருக்கும்.

செயற்கைப் புல்லுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் மேற்பரப்பை மாற்ற வேண்டிவரும். அதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப் போகிறார்கள்? எழுத்தில் பதில் இல்லையென்றால் திட்டம் முழுமையாக யோசிக்கப்படவில்லை என்று பொருள்.

பட்ஜெட் தாளில் எதைப் பார்ப்பது

பெற்றோருக்குக் கொடுக்கும் வண்ணத் தாளில் பெரும்பாலும் இரண்டு பத்திகள்தான் இருக்கும்: நடப்பு ஆண்டு பட்ஜெட், அடுத்த ஆண்டு பட்ஜெட். இதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு வரியிலும் உண்மையில் செலவான தொகையைக் கேட்டு வாங்குங்கள். நியூயார்க்கில் எல்லா டிஸ்ட்ரிக்டுக்கும் குறியீட்டு முறை ஒன்றே. ஏ 1240 தலைமை நிர்வாகி அலுவலகம், ஏ 1420 சட்டச் செலவு, ஏ 2020 பள்ளி மேற்பார்வை, ஏ 2110 வழக்கமான வகுப்பறைக் கற்பித்தல், ஏ 2250 சிறப்புத் தேவையுள்ள மாணவர் கல்வி, ஏ 2855 விளையாட்டு, ஏ 5510 போக்குவரத்து, ஏ 9060 மருத்துவக் காப்பீடு. முதல் பார்வைக்கு இந்த எட்டு போதும்.

திட்டமிட்டதும் செலவானதும் ஆண்டுதோறும் ஒரே திசையில் விலகுகிற வரியைத் தேடுங்கள். காப்பீட்டுக்கும் சிறப்புக் கல்விக்கும் கூடுதலாக மதிப்பிட்டு, ஆண்டுக் கடைசியில் மிச்சம் பிடிப்பது அடிக்கடி நடக்கிறது. மாநிலக் கணக்குகளைக் கண்காணிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் டிஸ்ட்ரிக்ட் தணிக்கை அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் குறை இது. சிறிய டிஸ்ட்ரிக்டுக்குக் கொஞ்சம் முன்னெச்சரிக்கை நியாயமே. நடு ஆண்டில் ஒரு பிள்ளைக்கு வெளிப்பள்ளியில் சிறப்புக் கல்வி தேவைப்பட்டால் அந்த ஒரு செலவே பட்ஜெட்டை ஆட்டிவிடும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மிச்சம் பிடித்துக்கொண்டே “பணமில்லை” என்று பணியிடத்தை எடுத்தால், அதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயரில்லை.

கட்டுப்பாடற்ற ஃபண்ட் பேலன்ஸ் (எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருக்கும் பணம்) அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மாநிலச் சட்டம். இதைச் சரிபார்க்கும்போது ஒரு கணக்கு போடுங்கள். பட்ஜெட் 4 கோடி டாலர் என்று வையுங்கள். 4 சதவீதம் 16 லட்சம். அதோடு “அடுத்த ஆண்டு பயன்படுத்துவோம்” என்று இன்னொரு 8 லட்சத்தை ஒதுக்கிக் காட்டுகிறார்கள். ஆண்டு முடிவில் அந்த 8 லட்சம் தொடப்படாமலே இருந்தால், உண்மையில் கையில் இருப்பது 24 லட்சம், அதாவது 6 சதவீதம். தாளில் மட்டும் வரம்புக்குள். இந்த எண்களும் ரிசர்வ்களின் பட்டியலும் பட்ஜெட்டோடு வெளியாகும் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ரிப்போர்ட் கார்டில் கிடைக்கும். மூன்று ஆண்டு கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ரீடிங் டீச்சர் பணியிடத்துக்கு வருவோம். அந்தச் சம்பளம் இதுவரை எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். கோவிட் கால ஃபெடரல் நிதியில் ஏற்பட்ட பணியிடமாக இருந்தால், அந்த நிதியின் கடைசித் தவணையை ஒதுக்கிக்கொள்ளும் கெடு 2024 செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. ஒரு முறை வரும் பணத்தில் நிரந்தர வேலையை உண்டாக்கியபோதே, அது தீர்ந்த பிறகு என்ன செய்வது என்று போர்டு பேசியிருக்க வேண்டும். பேசியதா? ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு ஃபெடரல் அரசு தரும் டைட்டில் 1 நிதியில் இருந்த பணியிடம் என்றால், அந்தப் பணம் இப்போது எதற்குப் போகிறது? ஜெனரல் ஃபண்டில் இருந்தது என்றால், பணியிடம் ஒழிக்கப்பட்டதா, அல்லது ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டதா? இரண்டாவது வகை எந்த விவாதமும் இல்லாமல் நடந்துவிடும். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் கற்பித்தல் உதவி தருவது மாநில விதிப்படி டிஸ்ட்ரிக்டின் கடமை. இனி அதை யார், வாரத்தில் எத்தனை முறை தரப்போகிறார்கள் என்ற கேள்வியை மட்டும் விடாதீர்கள். பணக் கணக்கைவிட இதற்குப் பதில் சொல்வதுதான் நிர்வாகத்துக்குக் கடினம்.

சூப்பரின்டெண்டென்டின் ஒப்பந்தம்

சம்பள உயர்வின் தொகையில் கோபத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மொத்த பட்ஜெட்டில் அது சிறு துளி. அதை நிறுத்தினாலும் இரண்டு டீச்சர்கள் திரும்ப வரமாட்டார்கள். ஒப்பந்தத்தின் ஷரத்துகளும் அது நீட்டிக்கப்பட்ட முறையும்தான் முக்கியம். நியூயார்க்கின் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் இந்த ஒப்பந்தம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு முடிவதற்குள் மறுபடி ஐந்தாக நீட்டுவது ஒரு பழக்கம். பின்னால் அவரை அனுப்ப வேண்டிவந்தால் மிச்ச ஆண்டுகளுக்குப் பேரம் பேசிப் பணம் கொடுக்க நேரும். ஆகவே ஒப்பந்தத்தையும் எல்லாத் திருத்தங்களையும் வாங்கி, பயன்படுத்தாத விடுப்புக்குப் பணம், ஓய்வுக்குப் பின் மருத்துவக் காப்பீடு, டிஸ்ட்ரிக்ட் செலுத்தும் ஆன்யுட்டி (ஓய்வுக்காலச் சேமிப்பு), தானாக ஏறும் சம்பளம் ஆகிய நான்கையும் படியுங்கள். சம்பளமும் சலுகைகளும் ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு வெளியிடப்பட வேண்டும் என்பதும் சட்டம்.

அடுத்தது: நீட்டிப்பு, ஆண்டு மதிப்பீடு முடிந்த பிறகு நடந்ததா, முன்பா? மதிப்பீட்டின் உள்ளடக்கத்தை அவர்கள் தர மறுக்கலாம். ஆனால் போர்டு அவருக்கு வைத்த இலக்குகள் என்ன, மதிப்பீடு எந்தத் தேதியில் முடிந்தது என்பதைக் கேட்கலாம். வாசிப்புத் திறன் அந்த இலக்குகளில் இல்லவே இல்லை என்றால், ரீடிங் டீச்சர் ஏன் முதலில் போனார் என்பது புரிந்துவிடும். ஊழியர் விஷயத்தை, பொதுமக்கள் இல்லாத எக்ஸிக்யூட்டிவ் செஷனில் பேசலாம். பொதுப் பணத்தை ஒதுக்கும் வாக்கெடுப்பைக் கதவை மூடி நடத்தக்கூடாது. கூட்டக் குறிப்பில் யார் முன்மொழிந்தார், யார் எப்படி வாக்களித்தார் என்று பாருங்கள். பல தீர்மானங்களைக் கட்டாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றும் கன்சென்ட் அஜெண்டாவில் இது போயிருந்தால், அதைத் தனியாக எடுத்து விவாதிக்க எந்த உறுப்பினரும் கேட்டிருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சூப்பரின்டெண்டென்ட் போர்டின் ஊழியர். ஆகவே கடிதத்தை அவருக்கு எழுதாதீர்கள். டிஸ்ட்ரிக்ட் கிளர்க் வழியாக எல்லாப் போர்டு உறுப்பினர்களுக்கும் எழுதுங்கள். தனி உறுப்பினர் ஒருவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. கூடி வாக்களிக்கும்போதுதான் அதிகாரம்.

ஆவணம் கேட்கும் முறை

ஃபாயில் எனப்படும் மாநிலத் தகவல் சட்டத்தின்படி யாரும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்ட்ரிக்டின் ரெக்கார்ட்ஸ் ஆக்சஸ் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். “ஏன் இப்படிச் செய்தீர்கள்” என்பது ஆவணம் அல்ல. அப்படிக் கேட்டால் பதில் வராது. “2022 ஜூலை 1 முதல் இன்று வரை ஏ 9950 வரியில் நடந்த எல்லா மாற்றங்களுக்கான போர்டு தீர்மானங்கள், மின்னணு வடிவில்” என்று கேளுங்கள். ஐந்து வேலை நாட்களுக்குள் பதிலோ ஒப்புகையோ வர வேண்டும். சாதாரண அளவுத் தாளில் நகல் எடுத்தால் பக்கத்துக்கு 25 சென்டுக்கு மேல் வாங்கக்கூடாது. மறுத்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு. அதற்கு பத்து வேலை நாட்களில் பதில் தர வேண்டும்.

கூடவே, வெளித் தணிக்கையாளரின் அறிக்கையையும், நிர்வாகக் குறைகளை அவர் எழுதிக் காட்டும் மேனேஜ்மென்ட் லெட்டரையும் கேளுங்கள். அறிக்கை அக்டோபர் நடுவில் மாநிலத்துக்குப் போய்விடும்; அதில் குறை இருந்தால் 90 நாட்களுக்குள் திருத்தத் திட்டம் வேண்டும். உங்கள் டிஸ்ட்ரிக்டுக்கு இது கூடுதல் முக்கியம். லாங் ஐலண்டின் ராஸ்லின் டிஸ்ட்ரிக்டில் 1.1 கோடி டாலருக்கு மேல் மோசடி நடந்தது 2004-இல் வெளிவந்த பிறகு, 2005-இல் மாநிலம் உள் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆனால் 1,500 மாணவருக்குக் குறைவான டிஸ்ட்ரிக்டுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. 1,400 பேர் உள்ள இடத்தில் அந்தக் கண் இல்லாமல் போகலாம். அப்படியானால் பில்களைச் சரிபார்ப்பது யார், அவர் போர்டுக்கு அறிக்கை தருகிறாரா, சூப்பரின்டெண்டென்டுக்கா? ஒரே அலுவலர் பில்லை அனுமதித்து, காசோலை போட்டு, வங்கிக் கணக்கையும் சரிபார்த்தால் அது அபாயம். சிறிய அலுவலகங்களில் ஆள் பற்றாக்குறையால் வரும் இயல்பான குறை இது. அதற்காக யாரையும் திருடர் என்று சந்தேகிக்க வேண்டியதில்லை.

எப்போது பேசுவது

மே மாதம் பேசினால் தாமதம். ஜனவரியில் ஆளுநரின் உதவித் தொகை மதிப்பீடு வருகிறது. மார்ச் 1-க்குள், சொத்து வரியை எவ்வளவு உயர்த்தலாம் என்ற உச்சவரம்புக் கணக்கை மாநிலத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஏப்ரலில் போர்டு பட்ஜெட்டை ஏற்கிறது. மே மாதம் மூன்றாம் செவ்வாய் வாக்கெடுப்பு. அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பு நடக்கும் பொது விசாரணையில் பட்ஜெட் ஏற்கெனவே முடிவானது. அங்கே எதுவும் மாறாது. பணியிடங்கள் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பட்ஜெட் கூட்டங்களில் தீர்மானமாகின்றன. விவாதிக்கப்போகும் ஆவணங்களை, இயன்றவரை, கூட்டத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. அதைப் படித்துவிட்டு, உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் ஒரு செலவு வரியின் எண், ஒரு தொகை, ஒரு கேள்வி மட்டும் வையுங்கள். அதையே எழுதிக் கிளர்க்கிடம் கொடுங்கள். போர்டு அந்த இடத்திலேயே பதில் சொல்லாது. எழுத்தில் கொடுத்தது பதிவில் நிற்கும்.

கோபத்தில் முழு பட்ஜெட்டையும் தோற்கடிக்கச் சொல்லி அண்டை வீட்டாரைத் தூண்டாதீர்கள். இரண்டு முறை தோற்றால் சொத்து வரி வசூலை முந்தைய ஆண்டுக்கு மேல் உயர்த்த முடியாது. அந்தக் குழி பெரும்பாலும் பிள்ளைகளின் வகுப்புகளால்தான் நிரப்பப்படும்; சூப்பரின்டெண்டென்டின் ஒப்பந்தம் அப்படியே இருக்கும். போர்டின் குறிப்பிட்ட முடிவு சட்டத்துக்கு மாறானது என்று தோன்றினால், மாநிலக் கல்வி ஆணையரிடம் கல்விச் சட்டத்தின் 310-ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். காலம் கடந்தால் பெரும்பாலும் அதற்காகவே தள்ளுபடி ஆகும்.

விசாவில் இருப்பவர்கள் கூட்டத்தில் பேசலாம், ஆவணம் கேட்கலாம், டிஸ்ட்ரிக்ட் அமைக்கும் பட்ஜெட் ஆலோசனைக் குழுவில் இடம் கேட்கலாம். வாக்களிக்க முடியாது. யாராவது வற்புறுத்தினாலும் வாக்காளர் பட்டியலில் பதிவு செய்யாதீர்கள். பின்னாளில் குடியேற்ற விண்ணப்பத்துக்கே ஆபத்து. போர்டு வேட்பாளரின் பிரசாரத்துக்குப் பணமும் தரக்கூடாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் எந்த அமெரிக்கத் தேர்தலுக்கும், உள்ளூர்த் தேர்தல் உட்பட, நன்கொடை தருவதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. குடியுரிமை பெற்ற அண்டை வீட்டார் ஒருவர் போர்டுக்கு நிற்க முன்வந்தால், அவருடைய மனுவில் 25 வாக்காளர்களோ, முந்தைய தேர்தலில் வாக்களித்தவர்களில் 2 சதவீதமோ, எது அதிகமோ அத்தனை பேர் கையெழுத்திட வேண்டும். தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன் கிளர்க்கிடம் சேர வேண்டும். நீங்கள் சேகரித்து வைத்த மூன்று ஆண்டுக் கணக்கு அவருக்கு உதவும்.