கெய்ரோவும் போஸ்ட்ஸ்கிரிப்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

கல்லூரி புராஜெக்டுக்காக சி மொழியில் படம் வரைவதற்கான ஃபங்ஷன்களின் தொகுப்பான கெய்ரோ லைப்ரரியைக் கொண்டு படம் வரைந்துகொண்டிருக்கிறேன். பிரிண்டருக்குப் பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டின் பழைய கையேட்டைப் புரட்டினால் அதே கட்டளைகள்: மூவ்டூ, லைன்டூ, ஸ்ட்ரோக் (கோடு போடுவது), ஃபில் (உள்ளே நிறம் நிரப்புவது). அப்படியானால் கெய்ரோ என்பது சி மொழிக்கு வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட்தானா? கையேட்டில் இருந்த உதாரணத்தை அப்படியே மாற்றி எழுதினேன். சேவ், ஃபில், ரீஸ்டோர், ஸ்ட்ரோக். நிறம் வருகிறது, ஓரக்கோடு வரவே இல்லை.

க.

அன்புள்ள க.,

முதலில் கோட்டைப் பார்த்துவிடுவோம். ஃபில் செய்ததும் இரண்டிலுமே பாதை, அதாவது நாம் சொன்ன உருவத்தின் கோட்டு வடிவம், அழிந்துவிடும். போஸ்ட்ஸ்கிரிப்டில் பாதையும் கிராஃபிக்ஸ் ஸ்டேட்டில் (சேவ் காப்பாற்றி வைக்கும் அமைப்புகளில்) சேர்த்தி என்பதால், அதன் ரீஸ்டோரான ஜிரீஸ்டோர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கெய்ரோவின் சேவ் நிறத்தையும் கோட்டின் தடிமனையும் காப்பாற்றும், பாதையைத் தொடாது. ஃபில்_பிரிசர்வ் என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது. அதைப் போடுங்கள், கோடு வரும்.

கெய்ரோ அந்த வம்சத்தில் வந்ததுதான். ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைல் என்பதே ஒரு புரோகிராம். லூப் (திரும்பத் திரும்பச் செய்வது), இஃப் (நிபந்தனை) எல்லாம் உண்டு, ஓட்டுவது பிரிண்டர். 1985இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டருக்குள் இருந்தது 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68000 சிப். அதற்கு வேலை கொடுத்த மேக்கின்டோஷில் அதே சிப் 8 மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. மூளை எங்கே அதிகமோ அங்கே புரோகிராமை அனுப்பினார்கள்! தொல்லையும் அதில்தான். 150ஆம் பக்கம் மட்டும் வேண்டுமென்றாலும், முந்தைய பக்கங்களை ஓட்டாமல் அங்கே என்ன வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 1993இல் அடோபி பிடிஎஃப்பைக் கொண்டுவந்தபோது லூப்பையும் இஃப்பையும் கழற்றிவிட்டது.

கெய்ரோவில் லூப் உங்கள் சி புரோகிராமிலேயே ஓடி முடிந்துவிடுகிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக எழுதச் சொன்னாலும் நூறு வட்டம் போட்ட லூப் நூறு வட்டமாகத்தான் இறங்கும். எடிட்டரில் திறந்து பாருங்கள், நீங்கள் எழுதிய 'ஃபார்' லூப் அதில் இருக்காது. வரைவதற்கான சொற்களை வாங்கிக்கொண்டு மொழியை விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், நல்ல காரியம்.

கெய்ரோவில் வரைந்ததை போஸ்ட்ஸ்கிரிப்டாக எழுதும்போது இன்னொரு வில்லங்கமும் உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்டில் பூசிய நிறம் அடியில் இருப்பதை முழுக்க மறைத்துவிடும். படத்தின்மேல் பாதி தெரிகிற நிறத்தைப் பூசினால், கெய்ரோ வேறு வழியின்றி அந்த இடத்தை பிட்மேப்பாக்கி, அதாவது புள்ளிகளால் ஆன படமாக்கி, செருகுகிறது. நாம் மாற்றாவிட்டால் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. பெரிதாக்கினால் அங்கே மட்டும் ஓரம் பிசிறடிக்கும். அப்படி நிறம் பூசுவதாக இருந்தால் பிடிஎஃப்பாகவே எழுதுங்கள். 1.4 பதிப்பிலிருந்து பிடிஎஃப்புக்குப் பாதி தெரிகிற நிறம் தெரியும்.