150 பவுண்டுக்குத் தலையாட்டும் முன்

தேவகோட்டையிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். கணவரும் அவளும் பிரிந்தாயிற்று, ஆறு வயது மகள் இவளோடு. பிள்ளைச் செலவுக்கு மாதம் 150 பவுண்டு தருகிறேன் என்கிறார் அவர். ஊரில் பெரியவர்களும் "நல்ல தொகைதானே" என்கிறார்களாம். ஒத்துக்கொள்ளலாமா ஆச்சி?

கணக்குப் போடாமல் ஒத்துக்கொள்ளாதே.

பட்டாலையில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர்களுக்கு 150 பவுண்டு என்றாலே மனசுக்குள் ரூபாயாகிவிடும். பதினைந்தாயிரத்துக்கு மேல் வருகிறதே, காரைக்குடியில் ஒரு பிள்ளையின் ஃபீஸ், வேன், ட்யூஷன் எல்லாம் அடங்கிவிடுமே என்பார்கள். இங்கே நீ வேலை முடிந்து வரும்வரை பிள்ளையை விட்டுவைக்கும் கிளப்புக்கே அது பெரும்பாலும் காணாது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நகையும் சீர்சாமானும் திரும்ப வாங்க அவர்கள் பேச்சு உதவும். மாதாமாதப் பணத்துக்கு இந்த நாட்டுக் கணக்குதான் சரி.

அந்தக் கணக்கு ரகசியமில்லை. பிள்ளைச் செலவுத் தொகையைக் கணக்கிட்டுச் சொல்லும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் அவருடைய வரிக்கு முந்தைய சம்பளத்தை வரித்துறையிடமிருந்தே எடுக்கும். பென்ஷனுக்குக் கட்டுவதை மட்டும் கழிக்கும். வாரச் சம்பளம் 200 முதல் 800 பவுண்டுக்குள் என்றால் ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இரண்டு பிள்ளைக்கு 16. உதாரணத்துக்கு வாரம் 700 பவுண்டு என்று வை. 84 பவுண்டு வரும், மாதத்துக்கு 364. பிள்ளை வருஷத்தில் 52 முதல் 103 இரவு அப்பச்சி (அப்பா) வீட்டில் தங்கினால் ஏழில் ஒரு பங்கு குறையும். அப்போது வாரம் 72, மாதம் 312. அவர் வீட்டில் வேறு பிள்ளை இருந்தாலும் குறையும். அரசு இணையதளத்திலேயே இதற்குக் கால்குலேட்டர் இருக்கிறது. நீயே போட்டுப் பார்.

அடுத்து அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், நானும் கேட்டவள்தான். "ஊருக்கு மாசாமாசம் அனுப்புகிறேன், பூர்வீக வீட்டுக்கு ஓடு மாற்ற என் பங்கு வேறு கட்ட வேண்டும்." இருக்கட்டும். பங்காளிகளோடு பேசி எப்போது வேண்டுமானாலும் ஓடு மாற்றட்டும். இந்தக் கணக்கில் அதற்குக் கழிவு கிடையாது.

ஆனாலும் சர்வீஸுக்குப் போகும் முன் ஒருமுறை நேரில் பேசிப் பார் என்பேன். அவர்கள் போடும் கணக்கில் கிளப் கட்டணம், குளிர்கால கோட், ஸ்கூல் டிரிப் எதுவும் தனியாக வராது. நீங்கள் இருவரும் பேசி முடித்தால் கிளப்பில் பாதி அவருடையது என்று சேர்த்துக்கொள்ளலாம். பேசியதை எழுதி வை. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிற ஊர்ப்பக்கம் நாம், இதற்கு மட்டும் வாய்வார்த்தை போதுமா? தொகை, தேதி, எப்போது மறுபடி பார்ப்பது, எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். பணம் வங்கியில் ஸ்டாண்டிங் ஆர்டராக, மாதாமாதம் தானாக வரட்டும், கையில் ரொக்கம் வேண்டாம். அந்தக் காகிதத்தை வைத்து மட்டும் வசூல் செய்ய முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அவர் நிறுத்தினால் அன்றைக்கே சர்வீஸிடம் போ.

2024 பிப்ரவரியிலிருந்து விண்ணப்பக் கட்டணம் இல்லை. தொகையை அவர்கள் சொல்ல, அவர் நேராக உனக்குப் போட்டால் யாருக்கும் செலவில்லை. அதிலும் ஏமாற்றினால் அவர்களே வசூலிப்பார்கள். அப்போது 100 பவுண்டுக்கு அவர் 120 கட்ட வேண்டும், உனக்கு 96தான் வரும். இந்தக் கணக்கைச் சொன்னாலே பலர் வழிக்கு வந்துவிடுவார்கள்.

"மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள், இனி கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போடு" என்று யாராவது சொன்னால் மசியாதே. அப்படி எழுதிக் கொடுத்தாலும் சர்வீஸிடம் விண்ணப்பிக்கும் உரிமை போகாது, 1991 சட்டம் அப்படி.

பணம் வரவில்லை என்று பிள்ளையை அவரிடம் அனுப்பாமல் இருக்காதே. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்று அவரும் பணத்தை நிறுத்த முடியாது. சட்டத்தில் இரண்டும் தனித்தனி. உன் மகளுக்கும் அவர் அப்பச்சிதானே.

அவர் இந்தியாவுக்கே திரும்பிவிட்டால் பொதுவாக சர்வீஸின் கை எட்டாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஊரில் ஜீவனாம்சம் கேட்க முன்பு 125-ஆவது பிரிவு என்பார்களே, அது 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144. உன் விசா அவருடைய விசாவைச் சார்ந்ததா? அப்படியென்றால் குடிவரவு வழக்கறிஞரை இந்த வாரமே பார். பிள்ளைச் செலவுப் பணம் வாங்குவது, விசாவில் வாங்கக் கூடாது என்கிற அரசு உதவி வாங்கியதாகாது, அந்தப் பயம் வேண்டாம்.

அப்புறம், பங்குனிக்கு ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதே. நீ விண்ணப்பித்து, சர்வீஸ் அவருக்குத் தகவல் சொன்ன பிறகுதான் கணக்கு தொடங்கும். அதற்கு முந்தைய மாதங்களுக்கு அவர்கள் வாங்கித் தரமாட்டார்கள்.