ஹிக்மத் வேறு, இல்லத் வேறு: மார்க்கச் சட்டங்களின் நோக்கம் பற்றிக் கேள்வி பதில்

அஸ்ஸலாமு அலைக்கும். சட்டத்துக்குக் காரணம் கேட்கலாமா என்று போன வாரம் ஒருவர் ஆரம்பித்து வைத்தார், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டத்தின் அடிப்படைகள்) நடத்துகிறவன், முஃப்தி (மார்க்கத் தீர்ப்புச் சொல்பவர்) இல்லை. வீட்டுத் தலாக், பாகப்பிரிவினை வழக்குகளை இங்கே எழுதாதீர்கள்.

கேள்வி: பன்றி இறைச்சியில் புழு இருப்பதால் ஹராம் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். கோட்டயத்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர், சுத்தமான பண்ணையில் வளர்த்து நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம், புழு ஏது என்கிறார். என்ன சொல்வது?

பதில்: நண்பர் கேட்பது நியாயம், தப்பு நம் பக்கம். குர்ஆன் (6:145) அதை 'ரிஜ்ஸ்', அசுத்தம் என்று சொல்லி விலக்குகிறது. புழுவை நாமே கொண்டுவந்து சட்டத்தின் மேல் ஏற்றினோம். புழு செத்ததும் சட்டமும் செத்துவிட்டதா என்று அவர் கேட்கத்தானே செய்வார்?

இரண்டு சொல்லைப் பிரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டம் எதன் மேல் நிற்கிறதோ அது இல்லத். அந்தச் சட்டத்தால் நமக்குக் கிடைக்கும் நன்மை ஹிக்மத். பயணத்தில் நான்கு ரக்அத் (சுற்று) தொழுகையை இரண்டாகச் சுருக்குகிறோம் அல்லவா, அதற்கு இல்லத் பயணம், ஹிக்மத் சிரமத்தைக் குறைப்பது. தேனி மாவட்டம் கம்பம் ஊரில் ஏசி பஸ் ஏறி எர்ணாகுளம் வரைக்கும் தூங்கிக்கொண்டே போகிறவருக்குச் சுருக்கம் உண்டு. விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலை ஏறி, ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து காய் எடுத்துவிட்டு வருகிறவருக்கு இல்லை. சிரமம் யாருக்கு அதிகம்? தோட்டத்துக்குப் போனவருக்குத்தான். ஆனால் சிரமம் ஆளுக்கு ஆள் மாறும், அதை அளக்கத் தராசு கிடையாது. தூரத்தை அளக்கலாம், ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அதனால் கண்ணுக்குத் தெரிகிற, எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிற பயணத்தில் சட்டத்தைக் கட்டினார்கள். வாட்ஸப்பில் வரும் 'அறிவியல் காரணங்களை' ஷரீஅத்தின் அஸ்திவாரமாக வைக்காதீர்கள், நாளைக்கு அது மாறும்.

கேள்வி: அப்படியானால் காரணமே கேட்கக்கூடாது, இல்லையா?

பதில்: நான் அப்படிச் சொல்லவே இல்லை. குர்ஆனே காரணம் சொல்கிறதே! நோன்பு இறையச்சத்துக்காக (2:183). மதுவும் சூதும் உங்களுக்குள் பகையை மூட்டும், தொழுகையை மறக்கடிக்கும் (5:91). செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றக்கூடாது (59:7). இதையெல்லாம் கோத்துப் பார்த்துத்தான் இமாம் கஸ்ஸாலி (வஃபாத், அதாவது மறைவு, கி.பி. 1111), மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்ற ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று எழுதினார். கிரனடாவைச் சேர்ந்த இமாம் ஷாத்திபி (வஃபாத் 1388) அதைப் பெரிய கலையாகவே வளர்த்தார். உமர் (ரலி) பஞ்ச காலத்தில் திருட்டுக்குக் கை வெட்டுவதை நிறுத்தி வைத்தார்களே, பசியில் எடுத்தவனைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று தெரிந்ததால்தான். கேளுங்கள், நிறையக் கேளுங்கள். நமக்குத் தோன்றிய பதிலை அல்லாஹ் சொன்ன பதிலாக ஆக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

கேள்வி: ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும்போது) மூளைக்கு ரத்தம் பாய்வதுதான் தொழுகையின் ஹிக்மத் என்று படித்தேன், சரியா?

பதில்: பன்றிக் கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நோன்பு குடலைச் சுத்தம் செய்வதற்காகத்தானே?

பதில்: இதுவும் அதேதான். குடல் சுத்தமாக இருப்பவருக்கும் நோன்பு கடமை.

கேள்வி: வியாபாரத்திலும் லாபம், வட்டியிலும் லாபம். ஒன்று ஹலால், இன்னொன்று ஏன் ஹராம்?

பதில்: இதே வாதத்தை 2:275 எடுத்துச் சொல்லி மறுக்கிறது. வியாபாரி நஷ்டத்துக்கும் தோள் கொடுக்கிறான். வட்டிக்காரனுக்கு உங்கள் மிளகு விலை விழுந்தாலும் தேதி தேதிதான். ஐந்து வசனம் தள்ளி 2:280 பாருங்கள், கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்று வருகிறது. இரண்டையும் சேர்த்து ஓதினால் நோக்கம் புரியும்.

கேள்வி: என் மச்சான் போனில் மூன்று முறை தலாக் சொல்லிவிட்டார்...

பதில்: இங்கே வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். இருவரும் ஊர் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) நேரில் போங்கள், இன்றைக்கே.

கேள்வி: வீடு கம்பம், எல்லை தாண்டிக் கேரளக் குமுளியில் துணிக்கடையில் வேலை. முதலாளி மலையாளி. அங்கே பெருநாள், இங்கே நோன்பு. முதலாளி நெய்ச்சோறு பொட்டலம் கொடுத்தார், மக்ரிப் (சூரியன் மறையும் நேரம்) வரை மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். பெருநாளில் நோன்பு ஹராம்தானே, என் நோன்பு கூடுமா?

பதில்: கூடும். உங்கள் வீடும் ஜமாஅத்தும் (பள்ளிவாசல் சமூகமும்) கம்பத்தில், அங்கே அன்றைக்குப் பெருநாள் இல்லை. "நோன்பு என்பது நீங்கள் நோன்பு வைக்கும் நாள், பெருநாள் என்பது நீங்கள் பெருநாள் கொண்டாடும் நாள்" என்ற ஹதீஸ் (நபிமொழி) திர்மிதி தொகுப்பில் இருக்கிறது. சேர்ந்து செய்வதுதான் இதன் உயிர்.

அதற்கு கம்பம் பக்கத்துக் கூடலூரிலிருந்து ஒருவர்: ஹஜ்ரத், இது என்ன நியாயம்? இருபது சொச்சம் கிலோமீட்டரில் பிறை மாறுமா, செக்போஸ்ட்டில் நிலாவை நிறுத்துகிறார்களா? ராவுத்தர்கள் நாம் ஹனஃபி மத்ஹபைச் (சட்ட வழியை) சேர்ந்தவர்கள். ஒரு ஊர்ப் பிறை எல்லா ஊருக்கும் போதும் என்பதுதானே நம் மத்ஹப்?

பதில்: வானத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஷாம் (சிரியா) தேசத்துப் பிறையை மதீனாவில் இப்னு அப்பாஸ் (ரலி) ஏற்கவில்லை என்ற செய்தியை வைத்து, தூர ஊர்களுக்குப் பிறை வேறு என்கிறது ஷாஃபி மத்ஹப். அதன்படி பார்த்தாலும் கம்பமும் குமுளியும் ஒரே வானம்தான். சென்னையைவிடக் கோழிக்கோட்டில் சூரியன் சுமார் கால் மணி நேரம் பிந்தி மறைகிறது, பிறைக்கு அவ்வளவு வயது கூடுகிறது, அதனால் அங்கே கண்ணில் படுவது எளிது. ஆனால் சாட்சியை விசாரித்து அறிவிப்பது காஜியின் (மார்க்க நீதிபதியின்) வேலை. கருத்து வேறுபாடு உள்ள விஷயத்தில் காஜி தீர்ப்புச் சொன்னால் வேறுபாடு நீங்கும் என்பதும் ஃபிக்ஹ் சட்டம்தான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் தம்பி குமுளியில் பெருநாள் தொழுதுவிட்டுப் புதுச்சட்டையோடு வந்தான். அத்தா நோன்போடு திண்ணையில் இருந்தார். அவன் ஸலாம் சொன்னான், அவர் பதில் சொன்னார், அதற்குமேல் பேச்சில்லை. அம்மா இலையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றார்கள், போட்டால் இவருக்கு மனவருத்தம், போடாவிட்டால் அவனுக்கு. இரண்டு பேரிடமும் ஆதாரம் இருந்தது.

மீண்டும் அவரே: அப்போது இரு மாநிலக் காஜிகளும் கூடிப் பேச வேண்டியதுதானே?

பதில்: வேண்டியதுதான். அதை ஜமாஅத் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை வீட்டுக்கு ஒரு பெருநாள் வேண்டாம்.

கேள்வி: நான் தேனியில் ஒரு நாள் பிந்தி நோன்பு ஆரம்பித்து, கடைசி வாரம் கொல்லத்துக்கு வேலை மாறிப் போனேன். அங்கே பெருநாள் வந்தபோது எனக்கு 28 நோன்புதான் ஆகியிருந்தது.

பதில்: கொல்லத்துக்காரர்களோடு பெருநாள் தொழுதது சரி. மாதம் 29க்குக் குறையாது, ஆகவே அடுத்த மாதமான ஷவ்வாலில் பெருநாள் கழிந்தபின் ஒரு நோன்பு களா செய்துவிடுங்கள், அதாவது விட்டதற்கு ஈடாக வைத்துவிடுங்கள்.