பெண்களுக்கு மட்டும் பயிற்சி: சான்றளிப்பில் கையெழுத்துப் போடலாமா?

நியூஜெர்சியில் சின்ன ஐடி நிறுவனம், கையில் மத்திய அரசு ஒப்பந்தம், பெண்களுக்கு மட்டும் தலைமைப் பயிற்சி. ‘பாகுபாட்டுத் தடைச் சட்டங்களை மீறும் பன்முகத்தன்மைத் திட்டம் எதையும் நடத்தவில்லை’ என்று அரசுக்குத் தரும் சான்றளிப்பில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியைச் சரிசெய்யாமல் போடாதீர்கள். 2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணை 14173-இன் கொக்கியே அந்தச் சான்றளிப்பு வரிதான். தெரிந்தே பொய் சொன்னதாக நிரூபணமானால், அரசிடம் பொய் சொல்லிப் பணம் வாங்குவதைத் தண்டிக்கும் பொய்க் கோரிக்கைச் சட்டப்படி அரசின் இழப்பைப்போல் மூன்று மடங்கு கட்ட வேண்டும், ஒவ்வொரு பில்லுக்கும் அபராதம் தனி. அரசுதான் வழக்குப் போடும் என்றில்லை. கோபத்தோடு வெளியேறிய உங்கள் ஊழியரே போட்டு, வசூலாவதில் 30 சதவீதம் வரை வாங்கிப் போகலாம்!

பயிற்சியை மூட வேண்டாம், ஆண்களும் விண்ணப்பிக்கட்டும். பாகுபாடு என்று பெரும்பான்மைப் பிரிவினர் வழக்குப் போட்டால் அவர்களிடம் கூடுதல் ஆதாரம் கேட்கக் கூடாது என்று 2025 ஜூனில் ஏம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது; அது ஆண்களுக்கும் பொருந்தும். அப்புறம், மேலாளர் போனஸை எத்தனை பெண்களைச் சேர்த்தார் என்பது போன்ற எண்ணிக்கையோடு கட்டியிருந்தால் அதை முதலில் அவிழுங்கள்.