குழாயில் காந்தம் பூட்டினால் புளோரைட்டு போகுமா?

நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் குழாய்க்கிணற்றில் புளோரைட்டு கூட என்கிறார்கள். சின்ன மகனின் முன்பற்களில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்து, குழாயில் காந்தக் கருவி பூட்டினால் தண்ணீர் மூலக்கூறுகள் பிரிந்து புளோரைட்டு விலகும் என்று கணினி ஒப்புருவாக்கம் காட்டினார். மாதத் தவணையும் உண்டாம். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். தவணைக் கடதாசியில் கையெழுத்தும் வைக்காதீர்கள். புளோரைட்டு என்பது நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஒரு பொருள்; அளவு மீறினால் உருவாகும் பற்களில் கறை விழும்.

மூலக்கூறுகள் எப்படி அசையும் என்று கணினியில் கணக்கிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அதைத்தான் ஒப்புருவாக்கம் என்கிறோம். சிவப்பு உருண்டை ஒட்சிசன், வெள்ளை உருண்டை ஐதரசன். நிறமும் வேகமும் நாங்கள் கொடுப்பவை. வந்தவர் காட்டியது ஒப்புருவாக்கமா வெறும் கார்ட்டூனா என்று பார்த்தவுடன் யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடிப்பதும் விடுவதும் காந்தமில்லாமலே, கண்ணிமைக்கும் நேரத்தில் கோடானுகோடி தடவை நடக்கிறது. சரி, புளோரைட்டு விலகியது என்றே வைப்போம். விலகி எங்கே போகும்? அதே குடத்துக்குள்தான்.

இலங்கைத் தரப்படி குடிநீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராம் புளோரைட்டு வரை இருக்கலாம். அதாவது ஏறக்குறைய 10 இலட்சம் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு ஒரு புளோரைட்டு. நாங்கள் வழக்கமாகக் கணினிக்குள் அமைத்து ஓட்டும் கற்பனைப் பெட்டியில் சில பத்தாயிரம் தண்ணீர் மூலக்கூறுகள்தான். அந்த அளவில் கலந்தால் பெட்டியில் ஒன்றுகூட இராது. அதனால் வேண்டுமென்றே கூட்டித்தான் போடுகிறோம். அப்படிப்பட்ட படம் உங்கள் கிணற்றைப் பற்றி என்ன சொல்லும்?

ஒப்புருவாக்கமே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். 2013 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசே இந்தத் துறைக்குத்தான் கிடைத்தது. புளோரைட்டை வடிக்க உதவும் எலும்புக்கரியை, அதாவது விலங்கு எலும்பைச் சுட்டு எடுத்த கரியை, உதாரணமாக எடுங்கள். அதிலுள்ள கனிமம் தன் ஐதரொட்சைட்டை விட்டுவிட்டுப் புளோரைட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கனிமத்தின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைக் கணினியில் பார்க்கலாம். ஆனால் ஒரு கிலோ கரி எத்தனை குடத்துக்குத் தாங்கும் என்பதை உங்கள் தண்ணீரை ஊற்றி அளந்துதான் சொல்லமுடியும். அளந்த அறிக்கை இல்லாமல் வருபவரைப் படலையிலேயே திருப்பி அனுப்புங்கள்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி நிரப்புங்கள். எங்கே கொடுப்பது என்று உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். ஒரு போத்தல் தண்ணீரைச் சோதிக்க ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறவேண்டியிருக்கிறது. அறிக்கை வந்தாலும் விளங்கப்படுத்த ஆளில்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரிகள் நுழைகிறார்கள்.

கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும். அளவு கூடுதலென்றால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ (நுண்ணிய சவ்வினூடாக அழுத்தி வடித்த) தண்ணீரோ சுத்தமாகச் சேர்த்த மழைநீரோ எடுங்கள். குளிக்க, தோய்க்கக் கிணற்று நீர் போதும். மகனைப் பல் வைத்தியரிடமும் காட்டுங்கள். விழுந்த கோடு தானாக மறையாது. ஈறுக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பற்களைக் காப்பாற்றலாம்.